ப்ரோனியுஸ் குதாவிச்யுஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ரோனியுஸ் குதாவிச்யுஸ் யார்?

லிதுவேனியாவைச் சேர்ந்த செவ்வியல் இசையமைப்பாளர். 1932 செப்டம்பர் 13 அன்று பனெவேஜிஸ் நகருக்குப் பக்கத்தில் மொலைனியாய் என்ற கிராமத்தில் பிறந்தார். 2021 செப்டம்பரில், 89 வயதில், வில்னியுஸில் காலமானார். ஓரடோரியோ, ஓபரா, நால்வர் தந்தி இசை, பாடகர் குழுவுக்கான படைப்புகள் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். கிறிஸ்துவத்துக்கு முந்தைய லிதுவேனியாவின் வழிபாட்டையும் நினைவையும் இசை மேடைக்குக் கொண்டுவந்தவர் என்றுதான் அவரைப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துவார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான். ஒரு மக்கள் கூட்டம் தன் பழைய குரலை இழக்கும் நேரத்தை இவ்வளவு துல்லியமாகக் காதுக்குக் கேட்கவைத்தவர் இருபதாம் நூற்றாண்டில் வேறு யாரும் இல்லை என்று நான் நம்புகிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பலவும் அதைச் சுற்றியே வரும்.

2021இல் இறந்தவரைச் சமகால இசையமைப்பாளர் என்று சொல்லலாமா?

சொல்லலாம். 2000களிலும் பெரிய படைப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். இன்று லிதுவேனியாவில் எழுதிக்கொண்டிருப்பவர்களில் பலர் அவர் திறந்துவிட்ட வழியில் வந்தவர்கள்.

அவர் இசை படித்தது எங்கே?

வில்னியுஸில் இருந்த அரசு இசைக் கல்லூரியில், அந்தானாஸ் ராச்சியூனாஸ் என்ற மூத்த இசையமைப்பாளரிடம் படித்து 1964இல் வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 30ஐத் தாண்டியிருந்தது. இந்தத் துறையில் அது தாமதமான தொடக்கம். அந்த நாட்களில் சோவியத் லிதுவேனியாவின் இளம் இசையமைப்பாளர்களுக்கு மேற்கு ஐரோப்பா எட்டாத தூரம். பக்கத்து நாடான போலந்துதான் ஜன்னல். 1956இல் தொடங்கிய 'வார்சா இலையுதிர்காலம்' விழா வழியாகப் புதிய இசையின் ஸ்கோர்களும், அதாவது தாளில் எழுதிய இசைக் குறிப்புகளும், ஒலிப்பதிவுகளும் கைமாறி வந்துசேர்ந்தன. பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தும் முறை, ஒலிகளைக் கூட்டமாக அடுக்கும் முறை எல்லாவற்றையும் குதாவிச்யுஸ் முதலில் முயன்று பார்த்தார். பிறகு அவற்றை ஒதுக்கிவைத்தார். ஆனால் அவற்றிலிருந்து பெற்ற கணக்கு வழக்கான ஒழுங்கு கடைசிவரை அவரோடு இருந்தது.

எந்தப் படைப்பிலிருந்து கேட்கத் தொடங்குவது?

'கடைசிப் பழஞ்சமயச் சடங்குகள்'. 1978இல் எழுதியது. உச்சக் குரலில் பாடும் ஒரு சோப்ரானோ பாடகி, ஒரு பாடகர் குழு, நான்கு ஹார்ன் என்ற ஊதுகொம்புகள், தேவாலயங்களில் ஒலிக்கும் பெரிய குழாய் வாத்தியமான ஓர் ஆர்கன், இவ்வளவுதான். பாடல் வரிகள் கவிஞர் சிகிதாஸ் கேதாவுடையவை. இதை ஓரடோரியோ என்கிறார்கள். ஓரடோரியோ என்றால் வழக்கமாக பைபிள் கதை ஒன்றை நடிப்பில்லாமல் பாடி நிகழ்த்தும் பெரிய வடிவம். அந்தக் கிறிஸ்துவ வடிவத்தை எடுத்து, கிறிஸ்துவம் வருவதற்கு முன்னால் இருந்தவர்களின் சடங்கை அதில் வைத்தார் குதாவிச்யுஸ்.

தொடக்கம் ஒரு வெட்டுக்கிளியைக் கூப்பிடும் பாட்டு. சின்னஞ்சிறு சுர வரிசை ஒன்று ஒரு குரலில் தொடங்கி, அடுத்தடுத்த குரல்களுக்குத் தொற்றிப் பரவுகிறது. அப்புறம் மெத்வேகாலிஸ் என்ற குன்றைப் போற்றும் பகுதி. அதன்பின் பாம்பை நோக்கிய மந்திரப் பாட்டு. கடைசியில் ஓக் மரத்துக்கு வழிபாடு. நிகழ்ச்சியின்போது பாடகர்கள் மேடையில் வரிசையாக நிற்பதில்லை. ரசிகர்களைச் சுற்றி நடக்கிறார்கள். கேட்பவர் சடங்கைத் தள்ளி நின்று பார்ப்பவராக இருக்க முடியாது, அதன் நடுவில் உட்கார்ந்திருப்பார்.

முடிவுதான் இந்தப் படைப்பின் உயிர். ஓக் வழிபாட்டில் பாடகர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும்போது, ஆர்கன் நுழைகிறது. பாடகர்களின் சுரங்களோடு அதற்கு எந்த உறவும் இல்லை. தேவாலயத்தில் கேட்கும் நிதானமான பாடல் நடை. பாடகர்கள் நிறுத்துவதில்லை, எதிர்ப்பதும் இல்லை, தங்கள் பாட்டைத் தொடர்கிறார்கள். ஆர்கன் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் பாட்டு கேட்காமல் போய்விடுகிறது. எந்தக் கணத்தில் அது காணாமல் போனது என்று கேட்பவரால் விரல் வைத்துச் சொல்ல முடியாது. சண்டை இல்லை, அலறல் இல்லை. ஒரு பண்பாடு மறைவது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும்.

மெத்வேகாலிஸ் உண்மையான இடமா?

ஆமாம். மேற்கு லிதுவேனியாவில், ஜெமைதியா பகுதியில் இருக்கிறது. உயரம் 234 மீட்டர்தான், ஆனால் அந்தத் தட்டையான நாட்டில் அது தலைநிமிர்ந்து தெரியும் குன்று. அதன்மேல் ஒரு மரக்கோட்டை இருந்தது. 1329இல் டியூட்டானிக் என்ற ஜெர்மானிய வீரத்துறவிகளும் பொஹிமிய (இன்றைய செக் நாடு) மன்னர் யோஹானும் சேர்ந்து படையெடுத்து வந்து அந்தக் கோட்டையை வீழ்த்தி, உள்ளே இருந்தவர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சுமார் 6000 பேர் என்று பதிவு இருக்கிறது. படை திரும்பியதும் அவர்கள் பழைய வழிபாட்டுக்கே போய்விட்டார்கள்.

இசை ரசிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. மன்னர் யோஹானிடம் செயலாளராக இருந்தவர் கியோம் தெ மஷோ, பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த இசையமைப்பாளர். அந்தப் படையெடுப்பைத் தன் கவிதை ஒன்றில் அவர் எழுதி வைத்திருக்கிறார். குன்று வீழ்ந்ததை வென்றவர் பக்கத்திலிருந்து ஓர் இசையமைப்பாளர் பதிவு செய்தார். சுமார் 650 ஆண்டுகள் கழித்து, அதே குன்றுக்காகத் தோற்றவர் பக்கத்திலிருந்து இன்னோர் இசையமைப்பாளர் பாட்டு எழுதினார். எனக்கு இது வெறும் தகவலாகப் படவில்லை. மெத்வேகாலிஸ் பகுதியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மஷோவின் நினைவு வருகிறது.

பாம்பும் ஓக் மரமும் ஏன்?

இரண்டும் பழைய லிதுவேனிய வழிபாட்டின் மையத்தில் இருந்தவை. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்துவத்தை ஏற்ற நாடு லிதுவேனியா. யோகைலா என்ற அரசர் போலந்து அரசியை மணந்து அந்த நாட்டுக்கும் மன்னரான பிறகு, 1387இல் நாட்டுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஜெமைதியாவுக்கு அது 1413க்குப் பிறகே வந்தது. அப்போது புனிதத் தோப்புகள் வெட்டப்பட்டதையும், வீடுகளில் பால் வைத்துப் போற்றிய பாம்புகள் கொல்லப்பட்டதையும், அணையாமல் காத்த நெருப்பு அணைக்கப்பட்டதையும் போலந்து வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுதியிருக்கிறார். கேதாவும் குதாவிச்யுஸும் எடுத்துக்கொண்டது அந்த வரலாற்றைத்தான். வெட்டுக்கிளி, குன்று, பாம்பு, மரம் என்ற வரிசையில் ஒரு மனிதர் பெயர்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சோவியத் ஆட்சியில் இதை எப்படி அனுமதித்தார்கள்?

முழுதாக அனுமதித்தார்கள் என்று சொல்ல முடியாது. கேதாவோடு சேர்ந்து 1970இல் எழுதிய முதல் ஓரடோரியோ 'பாந்தீயிஸ ஓரடோரியோ', அதாவது இயற்கை முழுவதையும் தெய்வமாகக் காணும் பார்வையில் எழுந்தது. இசையமைப்பாளர் சங்கத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. மறுபடி அது பொதுமேடைக்கு வர 1980கள் ஆயின. ஒருவர் தன் மொழியைக் கண்டுபிடித்துக்கொண்ட முதல் படைப்பே கிடப்பில் போடப்படுவது சாதாரண அடி இல்லை. அவர் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

1978இல் நிலைமை கொஞ்சம் வேறு. பழஞ்சமயம் என்ற பொருளில் அதிகாரிகளுக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. தேவாலயத்துக்கு எதிரானது என்று பார்த்தால் கொள்கைக்கு ஒத்து வருகிறது. தேசிய உணர்வைக் கிளறுவது என்று பார்த்தால் ஆபத்து. அந்த இடுக்கில் பல லிதுவேனியக் கலைஞர்கள் வேலை செய்தார்கள். கிராமப் பாட்டுகளைத் தேடிப் போவதும், கோடைச் சங்கராந்தி விழாவைப் பழைய தலைநகரான கெர்னவேயில் கூடிக் கொண்டாடுவதும் 1960களின் இறுதியில் தொடங்கி ஓர் இயக்கமாகவே வளர்ந்திருந்தன.

அரங்கில் இருந்தவர்களுக்கு ஆர்கன் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த பெரிய சக்தி ஒன்று, உள்ளூர்ப் பாட்டை மூடுகிறது. 1940இலும் 1944இலும் சோவியத் படைகள் நாட்டைக் கைப்பற்றியதை நினைக்காமல் 1978இல் யாரால் அதைக் கேட்டிருக்க முடியும்?

ஆனால் இதில் இன்னோர் அடுக்கு இருப்பதாக நினைக்கிறேன். அப்போது வில்னியுஸ் பேராலயம் ஓவியக்கூடமாக மாற்றப்பட்டிருந்தது. புனித காசிமிர் தேவாலயம் நாத்திக அருங்காட்சியகமாக இருந்தது. ஆக, படைப்புக்குள் வெற்றி பெறும் ஆர்கன், அரங்குக்கு வெளியே தானும் ஒடுக்கப்பட்ட குரல்தான். கேட்பவர்களில் பலர் வீட்டுக்குள் ரகசியமாக ஜெபம் செய்துகொண்டிருந்த கத்தோலிக்கர்கள். பாட்டு மூழ்குவதற்கு அழுவதா, ஆர்கன் ஒலிப்பதற்கு மகிழ்வதா? அந்தக் கேள்விக்குப் படைப்பு விடை தருவதில்லை. வெறும் எதிர்ப்புப் பாட்டாக இருந்திருந்தால் 1990இல் நாடு விடுதலை அறிவித்ததோடு இதன் வேலை முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை.

சுதார்தினேஸ் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

வடகிழக்கு லிதுவேனியாவின் பழைய பல குரல் பாட்டு வகை. பெரும்பாலும் பெண்கள் பாடியது. இருவர், மூவர் அல்லது நால்வர். யுனெஸ்கோ 2010இல் இதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது.

மூவர் பாடும் வகையை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஒரு வரியைப் பாடி முடித்து அடுத்த வரிக்குப் போகும்போது, இரண்டாமவர் முதல் வரியைத் தொடங்குகிறார். அவர் அடுத்த வரிக்குப் போனதும் மூன்றாமவர் தொடங்குகிறார், அப்போது முதலாமவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த நேரத்திலும் இரண்டு வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒலிக்கும். இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதுதான் அதிசயம். நம் காதுக்குப் புரியும்படி சொன்னால், ஒருவர் ஸ பிடித்திருக்கும்போது மற்றவர் பக்கத்திலேயே ரி பிடித்திருப்பார். அப்படியே ஜோடியாக நகர்வார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்தால் அதிர்வுகள் உரசிக்கொண்டு ஒரு விம்மல் எழும். ஐரோப்பியப் பாடப்புத்தகம் அதை அபஸ்வரம் என்று தள்ளும். சுதார்தினேஸ் பாடிய பெண்கள் அந்த உரசல் கூர்மையாக, மணியடித்ததுபோல் வர வேண்டும் என்று முயன்றார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்த வழக்கம் கிராமங்களில் மங்கிவிட்டது. இளையவர்களுக்கு இது பழம்பாட்டியின் பாட்டாகப் பட்டது. தேவாலய இசையும் மூன்று சுர இணைப்புப் பாட்டுகளும் ஊருக்குள் வந்தபின் பழைய உரசல் கரடுமுரடாகத் தெரிந்தது. நல்லவேளையாகச் சேகரித்தவர்கள் இருந்தார்கள். ஜெனோனாஸ் ஸ்லாவியூனாஸ் 1958-59இல் மூன்று பெரிய தொகுதிகளாக அவற்றை வெளியிட்டார். குதாவிச்யுஸின் தலைமுறைக்கு அந்தத் தொகுதிகள் பெரும் வரம்.

அப்படியானால் நாட்டுப்புறப் பாட்டை எடுத்து மேடைக்கு ஏற்றவாறு மாற்றியவரா இவர்?

இல்லை. இவரைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் இதுதான். சோவியத் காலத்தில் அந்த வேலையை நிறையப் பேர் செய்தார்கள். ஒரு கிராமப் பாட்டை எடுத்து, வயலின்களால் மெருகேற்றி, கடைசியில் தாளமும் எக்காளமும் சேர்த்து முடிப்பது. அரசு விழாக்களுக்கு அது உகந்தது. குதாவிச்யுஸ் அந்தப் பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தார். குறைவான சுரங்கள், விடாமல் திரும்புதல், ஒருவர்பின் ஒருவராக நுழைதல், பக்கத்துச் சுரங்களின் உரசல். இந்த விதிகளை எடுத்துக்கொண்டு புதிதாக எழுதினார். 'கடைசிப் பழஞ்சமயச் சடங்குகள்' கேட்டால் பழைய பாட்டுகளைத் தொகுத்துவிட்டார் போலிருக்கும். அது அவர் கற்பனையில் பிறந்தது.

அசல் பாட்டைச் சேர்த்த இடங்களும் உண்டு. 1974இல் எழுதிய 'ட்சூகிய மாறுபாடுகள்' தெற்கு லிதுவேனியப் பாட்டு ஒன்றின்மேல் எழுந்தது. ஆனால் அங்கேயும் பாட்டு அலங்காரத்துக்கு வரவில்லை, தூரத்து நினைவாக வருகிறது.

ஸ்டீவ் ரைக், ஃபிலிப் கிளாஸ் போன்ற மினிமலிஸ்டுகளின் வரிசையில் சேர்க்கலாமா?

சிறு அமைப்புகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது இரு தரப்பிலும் இருப்பதால் ஒப்பிடுகிறார்கள். ஊற்று வேறு. அமெரிக்கர்களுக்கு ஒலிநாடாவும் ஆப்பிரிக்கத் தாளமும் பாலித் தீவின் காமெலான் என்ற தாள வாத்தியக் குழு இசையும் தூண்டுதலாக இருந்தன. குதாவிச்யுஸுக்குச் சொந்த ஊரின் பெண்கள் பாடிய பாட்டு. நோக்கமும் வேறுதான். ரைக்கின் இசையில் ஓர் அமைப்பு மெல்ல நகர்வதைக் கவனிப்பதே அனுபவம். குதாவிச்யுஸில் திரும்பத் திரும்ப வருவது ஒரு சடங்கு, அதற்கு ஏதோ ஒன்று நேரப் போகிறது. எஸ்தோனியாவின் அர்வோ பார்த்தோடு ஒப்பிடுவது எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படும். இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, 1970களில் இருவரும் நவீன முறைகளை விட்டுவிட்டு மிகக் குறைந்த சுரங்களுக்குத் திரும்பினார்கள். பார்த் போய்ச் சேர்ந்தது கிறிஸ்துவத் துறவிகளின் பாடல். இவர் போய்ச் சேர்ந்தது அதற்கும் முந்தைய காடு.

'யோத்விங்கியர் கல்' எதைப் பற்றியது?

1983இல் எழுதிய 'யோத்விங்கியரின் கல்லிலிருந்து'. என் கருத்தில் இவர் எழுதியவற்றில் மிகத் துணிச்சலானது. யோத்விங்கியர் என்பவர்கள் பால்டிக் இனங்களில் ஒருவர். இன்றைய தெற்கு லிதுவேனியா, வடகிழக்குப் போலந்து, மேற்கு பெலாரஸ் பகுதிகளில் வாழ்ந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில், 1283வாக்கில், டியூட்டானிக் படைகள் அவர்களை முற்றாகத் தோற்கடித்தன. மிஞ்சியவர்கள் சிதறிப் பக்கத்து மக்களோடு கலந்தார்கள். மொழி அழிந்தது. ஊர்ப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும் சில சொற்களும்தான் மிச்சம்.

இல்லாத ஒரு மக்களுக்கு எப்படி இசை எழுதுவது? குதாவிச்யுஸ் ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டார். ஒரு சிறு குழு. அவர்களே பாடுகிறார்கள், அவர்களே வாசிக்கிறார்கள். கற்களைத் தட்டும் ஒலி, எளிய குழல்கள், கிராமத்து வாத்தியங்கள். முதல் பகுதியில் பாட்டென்று எதுவும் இன்னும் உருவாகவில்லை. அசைகளும் முணுமுணுப்பும் தட்டலுமாக, மனிதர்கள் இசையை அப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அப்புறம், மிக மெதுவாக, அந்த ஒலிகளுக்கு நடுவிலிருந்து ஒரு லிதுவேனியக் கிராமப் பாட்டு உருவெடுக்கிறது. யோத்விங்கியர் வாழ்ந்த அந்தத் தெற்கு மண்ணில் இன்றும் பாடப்படும் வகைப் பாட்டு. 'கடைசிப் பழஞ்சமயச் சடங்குகள்' பாட்டு மூழ்குவதில் முடிகிறது. இதில் பாட்டு மேலெழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது, ஒன்று இல்லாமல் மற்றது முழுமையாகத் தெரியாது.

சிகிதாஸ் கேதாவின் பங்கு எவ்வளவு?

பெரிய பங்கு. 1943இல் பிறந்து 2008இல் மறைந்த கேதா, லிதுவேனியாவின் முக்கியக் கவிஞர்களில் ஒருவர். 'பாந்தீயிஸ ஓரடோரியோ', 'கடைசிப் பழஞ்சமயச் சடங்குகள்', 'யோத்விங்கியரின் கல்லிலிருந்து', 1986இன் 'உலக மரம்' ஆகிய நான்கு ஓரடோரியோக்களிலும் சொற்கள் அவருடையவை. மந்திரம்போல், குழந்தைப் பாட்டுபோல், பொருளும் ஒலியும் பிரியாத வரிகள். இந்த இசைக்கு நீண்ட வாக்கியங்கள் ஒத்துவராது. அது தெரிந்து எழுதியவர் கேதா.

அவருடைய ஸ்கோர்கள் ஓவியம்போல் இருக்குமாமே?

சில அப்படித்தான். 'கடைசிப் பழஞ்சமயச் சடங்குகள்' ஸ்கோரில் வழக்கமான இடமிருந்து வலமான ஐந்து கோடுகளுக்குப் பதிலாக, சுரங்கள் வட்டமாக வரையப்பட்ட பக்கங்கள் உண்டு. பாடகர்கள் வட்டமாக நடக்கிறார்கள், பாட்டு வட்டமாகச் சுற்றுகிறது, தாளிலும் அது வட்டமாகவே இருக்கிறது. அழகுக்காகச் செய்தது இல்லை. முடிவில்லாமல் சுற்றும் பாட்டைக் கோட்டில் எழுதினால் அதற்குத் தொடக்கமும் முடிவும் வந்துவிடும். இசையும் ஓவியமும் ஒரே கையில் சேர்வதற்கு லிதுவேனியாவில் பெரிய முன்னோடி இருக்கிறார். 1875 முதல் 1911 வரை வாழ்ந்த சுர்லியோனிஸ், இசையமைப்பாளரும் ஓவியருமானவர். குதாவிச்யுஸ் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்ததும் சுர்லியோனிஸ் பெயரில் வில்னியுஸில் இயங்கும் கலைப் பள்ளியில்தான்.

கிறிஸ்துவத்தை வெறுத்தவரா?

இல்லவே இல்லை. 1991 முதல் 1995 வரை எழுதிய 'ஜெருசலேமின் வாயில்கள்' நான்கு திசைகளுக்கு நான்கு வாயில்கள் கொண்ட தொடர். ஒவ்வொரு திசைக்கும் ஒரு பண்பாட்டின் ஒலி. கிழக்கு வாயிலில் ஜப்பானிய அரசவை இசையின் நிழல் விழுகிறது. மேற்கு வாயில் ஒரு 'ஸ்தாபாத் மாதெர்', சிலுவையடியில் நின்ற மரியாளின் துயரப் பாடல். அதைக் கேட்டவர்கள் இவரைத் தேவாலயத்தின் எதிரி என்று சொல்ல மாட்டார்கள். வழிபாடு என்ற செயல்மேல் அவருக்கு ஆழ்ந்த மரியாதை இருந்தது. யாருடைய வழிபாடு என்பது அடுத்த விஷயம்.

ஓபராக்கள்?

உண்டு. 'பச்சைப் பறவை ஸ்த்ராஸ்தாஸ்' 1981இல் எழுதியது, 'கரடி' 2000இல் மேடையேறியது. இரண்டாவது, பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரோஸ்பேர் மெரிமேயின் லிதுவேனியப் பின்னணிக் கதையை வைத்தது. பழைய லிதுவேனிய மன்னர் மிந்தௌகாஸின் முடிசூட்டுக்கு 750 ஆண்டுகள் நிறைந்த 2003இல் 'நெருப்பும் நம்பிக்கையும்' எழுதினார். கூடவே 1976இல் குழந்தைகளுக்காக 'இரும்பு மலைமேல் எலும்புக் கிழவன்' என்ற ஓபரா-பாலேயும் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் ஓபராக்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், ஓரடோரியோக்கள்தான் அவருடைய முழு வலிமை.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

படைப்புகள் வழியாக உண்டு. 1978இல் எழுதிய 'வனநிழலில் இரு பறவைகள்' தாகூரின் கவிதைக்கு அமைத்த இசை, ஓபோ என்ற குழல் வாத்தியமும் கம்பிகளில் பொருள்கள் செருகி ஒலி மாற்றிய பியானோவும் உடன் வரும். 1990இல் 'சமஸ்கிருதத்தின் மாயச் சக்கரம்' என்று ஒன்று எழுதினார். லிதுவேனிய மொழி சமஸ்கிருதத்தின் தொன்மையான உறவினர் என்பதில் அந்த நாட்டு அறிவாளிகளுக்கு வெகுகாலமாகவே ஈடுபாடு உண்டு, அந்த மரபில் வருவது இது.

அவருக்குப் பின் யாரைக் கேட்கலாம்?

அவருடைய தலைமுறையிலேயே ஃபெலிக்ஸாஸ் பயோராஸ், ஓஸ்வால்தாஸ் பலகௌஸ்காஸ் இருவரும் முக்கியமானவர்கள். 1956இல் பிறந்த ஓனுதே நார்புதைதே, இசையமைப்பின் முதல் பாடங்களைக் குதாவிச்யுஸிடம் கற்றவர். அவருடைய நடை ஆசிரியருடையதிலிருந்து முற்றிலும் வேறு, மென்மையும் நிழலும் நிறைந்தது. நல்ல ஆசிரியர் தன்னைப்போல் பத்துப் பேரை உருவாக்குவதில்லை.

அடுத்து 1975இல் பிறந்த ரமிந்தா ஷெர்க்ஷ்னிதே. தந்திக் குழுவுக்காக 1998இல், மாணவியாக இருந்தபோதே எழுதிய 'தே ப்ரோஃபுந்திஸ்' வயலின் கலைஞர் கிடோன் க்ரேமரின் குழுவால் உலகெங்கும் போனது. இவரும் தாகூரின் வரிகளுக்கு 'அந்தி, வைகறைப் பாடல்கள்' என்ற பெரிய படைப்பை எழுதியிருக்கிறார். அதன் பதிவை டாய்ச்ச கிராமஃபோன் என்ற இசை நிறுவனம் 2019இல் வெளியிட்டது. 1982இல் பிறந்த யுஸ்தே யானுலிதே ஒரே நிறத்தில் மெல்ல மாறும் ஒலித் திரைகளை நெய்பவர். நியூயார்க்கில் வாழும் ஜிபுவோக்லே மார்தினைதிதேயையும் விட்டுவிடாதீர்கள்.

நோபல் மாதிரிப் பெரிய விருதுகள் ஏதாவது?

லிதுவேனியாவின் தேசியக் கலை, பண்பாட்டுப் பரிசு 1995இல் கிடைத்தது. அந்த நாட்டில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஒலிப்பதிவுகள் எங்கே கிடைக்கும், எப்படிக் கேட்பது?

ஃபின்லாந்தின் ஒந்தீனே நிறுவனம் வெளியிட்ட குறுந்தகடு ஒன்றில் 'கடைசிப் பழஞ்சமயச் சடங்குகள்', 1998இன் சிம்பனி-ஓரடோரியோ 'கடந்துபோகும் காலத்துக்கான கல்லறை வாசகம்' இரண்டும் இருக்கின்றன. ராபர்தாஸ் ஷெர்வெனிகாஸ் நடத்தியது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் பெயரை வைத்துத் தேடினால் வரும். வில்னியுஸில் உள்ள லிதுவேனிய இசைத் தகவல் மையம் ஸ்கோர்களையும் பிற பதிவுகளையும் தருகிறது.

இந்த இசையில் மிக மெல்லிய ஒலியும் மிகப் பெரிய ஒலியும் ஒரே படைப்பில் வரும். வண்டியில் போகும்போது கேட்டால் தொடக்கம் காதில் விழாது, நீங்கள் ஒலியைக் கூட்டிவைப்பீர்கள், ஆர்கன் வரும்போது தாங்க முடியாமல் குறைப்பீர்கள். குறைத்துவிட்டால் பாட்டு மூழ்கும் இடம் போய்விடும். ஆகவே அமைதியான அறையில், நல்ல ஹெட்ஃபோனில், ஆர்கன் பகுதியை முதலில் ஓட்டிப் பார்த்து அதற்கேற்ப ஒலி அளவை வைத்துவிட்டு ஆரம்பத்துக்கு வாருங்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பகுதியிலும் என்ன நடக்கிறது என்பது மேலே இருக்கிறது, பாடல் வரிகளின் பொருள் தெரியாமலேயே முதல் தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை, ஆர்கன் நுழைந்த பிறகும் பாடகர்களை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று முயன்று பாருங்கள்.